நெப்டியூனுக்குப் போன மஞ்சள் பட்டை

குசுமிப் பள்ளத்தாக்கில் கைக்கடிகாரம் நின்றுபோனால் யாரும் பதற மாட்டார்கள். தோகியெ எந்த மின்கம்பத்தைத் தாண்டுகிறாள் என்று பார்த்து முள்ளைத் திருப்பிக்கொள்வார்கள். அவ்வளவு கணக்கான நடை. சாலை போடும் நிறுவனத்தில் முப்பத்து நான்கு ஆண்டுகளாக அவளுக்கு இரண்டே வேலை. கழியின் முனையில் உருளும் அளவுச் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு போய்ச் சாலையை அளக்க வேண்டும். அளந்த சாலையில் வெள்ளைக் கோடும் மஞ்சள் கோடும் போட வேண்டும். எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியும் சரியாக ஒரு மீட்டர். சக்கரமே வேண்டாம், இவள் நடந்தாலே போதும் என்பார் முதலாளி. ஆனால் அரசாங்கம் சக்கரத்தைத்தான் நம்பும், காலை நம்பாது.

வயது ஐம்பத்தேழு. தனி ஆள். 'தெரியாது' என்ற சொல் அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை, அது பலருக்கு எரிச்சல். தோஃபு கடை ஜின்பெய் ஒருநாள் நாலு பேர் முன்னால் அவளை மடக்கப் பார்த்தார்.

"சரிம்மா, பெரிய வாயி. என் கடை வாசல்ல இருந்து கோயில் வாயில் வரைக்கும் எவ்வளவு தூரம்?"

"நானூத்திப் பன்னெண்டு மீட்டர். நீங்க குடிச்சிட்டு நடந்தா அறுநூறு."

சக்கரம் உருட்டிப் பார்த்தார்கள். நானூற்றுப் பன்னிரண்டுதான். குடித்துவிட்டு நடந்தால் எவ்வளவு என்று அளந்து பார்க்க ஜின்பெய் ஒப்புக்கொள்ளவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் வரும் விடுமுறை நாளில் எங்கள் எட்டு ஊர்களுக்கும் அஞ்சலோட்டம் நடக்கும். தோளில் குறுக்கே மாட்டிய துணிப் பட்டையை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டு ஓட வேண்டும். குறித்த நேரத்துக்குள் பட்டை வந்து சேராவிட்டால் அடுத்தவர் காத்திருக்க முடியாது. நடுவர் நீட்டும் வெள்ளைப் பட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பியாக வேண்டும். பின்னால் வருகிறவர் ஊர்ப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கொடுக்க ஆளில்லாமல் நிற்பார். எங்களுக்குத் தோல்வி பெரிதில்லை. இப்படி நிற்பதுதான் பெரிது.

இளசுகள் எல்லாம் நகரத்துக்குப் போய்விட்டார்கள். போன ஆண்டு மூன்று ஊர்களால் ஆள் சேர்க்க முடியவில்லை. இனி ஓட்டமே வேண்டாம், ஆளுக்கொரு கிண்ணம் சூப் குடித்துவிட்டுக் கலைந்துவிடலாம் என்று ஊர்த் தலைவர்கள் முடிவு கட்டிய நேரத்தில்தான் நடுநிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியர் நிரசாவா எழுந்தார். மெலிந்த உடம்பு, சட்டைப் பையில் நாலு பேனா.

"ஒரே அணி போதுங்க. எட்டு ஊருக்கும் சேர்த்து ஒரே பட்டை."

"எதிரணி யாரு, சென்செய்?" என்று ஆசிரியரைக் கேட்டார் ஜின்பெய்.

"வெளிச்சம்."

பள்ளத்தாக்குச் சாலை நாற்பத்தைந்து கிலோமீட்டர். கீழ்க்கோடி சகாஷிதாவில் சூரியனை வைத்து, சாலையின் ஒரு கிலோமீட்டர் என்பது வானத்தில் பத்துக் கோடி கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேல்கோடி ஓகுமியா ஊரில் சரியாக நெப்டியூன் வந்து உட்காரும். அந்தக் கணக்கில் வெளிச்சம் நொடிக்கு மூன்று மீட்டர்தான் போகும். மனிதன் ஓடக்கூடிய வேகம். சூரியனை விட்ட வெளிச்சம் நெப்டியூனைத் தொட நான்கு மணி பத்து நிமிடம் ஆகும். எட்டுப் பேர் பட்டையை மாற்றி மாற்றிக் கொண்டுபோய் அதே நேரத்தில் சேர்க்க வேண்டும் என்றார் நிரசாவா.

"நொடிக்கு மூணு மீட்டரா? இதுவா வெளிச்சம்? என் மச்சான் சைக்கிள்ல வந்தாலே ஜெயிச்சிடுவானே!" என்றார் ஒரு தலைவர்.

"அங்கதாண்ணே விஷயம். முந்தக் கூடாது. எதுவும் வெளிச்சத்த முந்த முடியாது."

முந்தக் கூடாத பந்தயமா என்று தலைவர்கள் தலையைச் சொறிந்தார்கள். ஆனால் எட்டு ஊர், எட்டு கிரகம் என்ற பொருத்தம் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. அங்கேதான் கூத்து தொடங்கியது. எங்கள் நாட்டில் பள்ளிக்கூடம் மிதித்த எல்லோருக்கும் எட்டு கிரகங்களும் தாளக்கட்டோடு மனப்பாடம். சுய்-கின்-சி-கா, மொகு-தோ-தென்-காய். கிரகத்துக்கு ஒரு தட்டு, எட்டுத் தட்டு, முடிந்தது. எல்லாம் சம இடைவெளியில் தட்டித் தட்டி மனதில் ஏறியதால், வானத்திலும் சம இடைவெளியில்தான் நிற்கும் என்று எட்டுத் தலைவர்களும் நம்பிவிட்டார்கள். ஒருவரிடமும் கேட்காமல் நாற்பத்தைந்தை எட்டால் வகுத்து, ஊருக்கு ஒரு மூங்கில் கம்பு நட்டுக் கிரகத்தின் பெயரையும் எழுதிவிட்டார்கள். பாடப் புத்தகத்துப் படமும் அப்படித்தானே இருக்கிறது என்று வேறு சொன்னார்கள்.

நிரசாவா வெளிறிய முகத்தோடு தோகியெ வீட்டுக் கதவைத் தட்டினார்.

"தோகியெ-சான், நான் சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க. நீங்க அளந்தா கேப்பாங்க."

மூன்று நாள் சக்கரம் உருண்டது. புதன் ஐந்நூற்று எண்பது மீட்டரில், அஞ்சல் பெட்டிக்குப் பக்கத்தில். வெள்ளி ஒன்று புள்ளி சைபர் எட்டு கிலோமீட்டரில். பூமி ஒன்றரைக் கிலோமீட்டரில், பாலத்தின் மேல். செவ்வாய் இரண்டே கால் சொச்சத்தில். ஆக நான்கு கிரகங்கள் சகாஷிதாவுக்குள்ளேயே முடிந்துவிட்டன. அப்புறம் வியாழனுக்கு ஏழே முக்கால் சொச்சம், சனிக்குப் பதினாலு, யுரேனசுக்கு இருபத்தெட்டு, நெப்டியூனுக்கு நாற்பத்தைந்து. நடுவில் மலை, தேவதாரு, ஆறு. வேறொன்றும் இல்லை.

கூட்டத்தில் கூச்சல் கூரையைத் தொட்டது. "சகாஷிதாக்காரனுக்கு மட்டும் நாலு கிரகம், எங்களுக்கு ஒண்ணும் கெடையாதா?" என்றார் ஒருவர். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே இருந்த ஊருக்குச் சிறுகோள்கள் வரும் என்று நிரசாவா சமாதானம் சொல்லப் போய், அவை மொத்தமும் இந்த அளவில் ஒரு கைப்பிடி சரளைக்கல்தான் என்று உண்மையையும் சேர்த்துச் சொல்லித் தொலைத்தார். "சரளையா? அத ரோடு போடறப்பவே கொட்டிட்டுப் போனாங்களே!" என்று அந்த ஊர்த் தலைவர் எழுந்து போகப் பார்த்தார். பழையபடி எட்டால் வகுத்ததே நியாயம், சூரியனுக்கு என்ன தெரியும் என்றும் ஒரு குரல் வந்தது.

தோகியெ எழுந்தாள். "நாளைக்குக் காலைல எல்லாரும் பாலத்துக்கு வாங்க. நான் காட்டறது தப்பா இருந்தா, உங்க மூங்கில் கம்ப நானே சுமந்து நட்டுத் தர்றேன்."

சூரியனை அவள் முன்பே எழுதிவிட்டிருந்தாள். சகாஷிதாவின் நெல் கிடங்குக்குப் பதினைந்து மீட்டர் உயரச் சுவர். அதில் பதினாலு மீட்டர் அகல வட்டம், சாலைக்கு அடிக்கும் மஞ்சளிலேயே. நடுக்கோடு மஞ்சளாக இருந்தால் முந்தக் கூடாது என்பது வண்டி ஓட்டும் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் அந்த டப்பாக்களை எடுத்தாள். வேறு நிறம் கையிருப்பில் இல்லை என்பதும் உண்மைதான்.

பாலத்திலிருந்து கிடங்கு வரை சாலை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கும். மறுநாள் தலைவர்கள் எல்லாம் வரிசையாக நின்றார்கள்.

"கைய நீட்டுங்க. சுண்டுவிரல் நகத்தால அந்த மஞ்சள் வட்டத்த மறைங்க. எவ்வளவு நகம் தேவைப்படுது?"

"பாதி நகம்."

"நீங்க?"

"எனக்கும் பாதி."

அவள் வெல்டிங் பட்டறையிலிருந்து கொண்டுவந்த முகமூடியை நீட்டினாள். "இத மாட்டிக்கிட்டு மேல இருக்கிற நிஜச் சூரியன மறைச்சுப் பாருங்க."

ஒவ்வொருவராக முகமூடியை மாட்டி, வானத்தை நோக்கிச் சுண்டுவிரலை நீட்டினார்கள். அதே பாதி நகம். இரண்டாம் முறை பார்த்தார்கள். கீழே ஒரு சூரியன், மேலே ஒரு சூரியன், இரண்டும் ஒரே அளவு. சரளைக்கல் தலைவர்தான் முதலில் தொப்பியைக் கழற்றினார்.

"அப்ப நாம நிக்கிற எடந்தான் பூமியா?"

"ஆமா. கிண்ணத்தளவு பூமி. நீங்க சோறு சாப்பிடற கிண்ணம்."

அதற்குமேல் எவரும் மூங்கில் கம்பைப் பற்றிப் பேசவில்லை. எந்த கிரகம் எங்கே நின்றாலும் ஊருக்கு ஒன்றைச் செய்து கொடுப்பது, ஊருக்கு ஒருவர் ஓடுவது என்று முடிவாயிற்று. மேல்கோடி ஓகுமியாப் பெண்கள் ஒரு பட்டை நெய்து, கார்டேனியாக் காய்ச் சாற்றில் மஞ்சளாகச் சாயம் ஏற்றினார்கள்.

ஓட்டத்தின் சட்டங்களைத் தோகியெதான் போட்டாள். ஒன்று, யாரும் வெளிச்சத்தை முந்தி ஓடக் கூடாது. முந்தினால் அடுத்த கிரகத்தில் நின்று நேரம் வரும்வரை காத்திருக்க வேண்டும். இரண்டு, பட்டைக்கு முன்னால் எந்த வண்டியும் போகக் கூடாது, போன் பேசக் கூடாது. செய்திகூட வெளிச்சத்தை முந்த முடியாது என்று நிரசாவா சொல்லியிருந்தார். மூன்றாவதைச் சொல்ல வாயெடுத்தபோது ஜின்பெய் குறுக்கிட்டார்.

"பட்டை வர்றதுக்கு லேட்டானா?"

"வெளிச்சம் யாருக்காகவும் நிக்காது. நேரம் வந்ததும் வெள்ளைப் பட்டையோட அடுத்தவர் கிளம்பணும்."

"அந்தப் பழைய சட்டமா? நீயா இதச் சொல்றே?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

"சட்டம்னா சட்டந்தான்," என்றாள் தோகியெ. ஆனால் காது மடல் சிவந்துவிட்டது.

முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் பெண்களுக்கான மாவட்ட அஞ்சலோட்டத்தில் எங்கள் பள்ளத்தாக்கு அணி சிவப்புப் பட்டையோடு ஓடியது. தோகியெக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அவளுக்கு அடுத்து ஓட வேண்டியவள் சிஸுரு, ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு, ஒரே சோற்றுப் பெட்டி. தோகியெ ஆரம்பத்திலேயே அம்பாகப் பாய்ந்தாள். இரண்டு கிலோமீட்டர் வரை எல்லோருக்கும் முன்னால் அவள்தான். நான்காவதில் கால் கல்லாயிற்று, ஐந்தாவதில் சாலை ஆடியது. கோட்டைத் தொடும்போது பதினொரு நொடி தாமதம். சிஸுரு வெள்ளைப் பட்டையோடு போய்விட்டிருந்தாள். நனைந்த சிவப்புப் பட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு தோகியெ நின்ற கோலத்தை அன்று பார்த்தவர்கள் இன்றும் சொல்வார்கள்.

மன்னிப்புக் கேட்க மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் பாதி வழியில் திரும்பினாள். சிஸுரு ஓகுமியாவில் வசாபி பயிரிடும் ஒருவரைக் கட்டிக்கொண்டு போனாள். அதன்பின் துக்க வீடுகளில் மட்டும் சந்தித்தார்கள். குனிந்து வணங்குவார்கள், போய்விடுவார்கள். ஓட்டத்துக்கு அடுத்த ஆண்டுதான் தோகியெ அளவுச் சக்கரத்தைப் பிடித்தாள். பதறாத காரியம் சிதறாது என்பதை அவள் மீட்டர் மீட்டராகக் கற்றுக்கொண்டாள்.

செப்டம்பரில் ஓட்டக்காரர் பட்டியல் வந்தது. சனியிலிருந்து யுரேனஸ் வரை பதினாலு புள்ளி நாலு கிலோமீட்டர், தோகியெ. யுரேனசிலிருந்து நெப்டியூன் வரை, ஓகுமியா சார்பில் சிஸுரு. தோகியெ அந்தத் தாளை இரண்டு முறை மடித்து இரண்டு முறை பிரித்தாள். அவளுக்கு வெளிச்சமும் வேண்டாம், நெப்டியூனும் வேண்டாம். அந்தக் கையில் ஒரே ஒரு முறை நிஜப் பட்டையை வைத்துவிட்டால் போதும். இனி இப்படி ஒரு வாய்ப்பு வரப்போவதில்லை என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்று முதல் விடியற்காலையில் ஓடினாள். நொடிக்கு மூன்று அடி, அடிக்கு ஒரு மீட்டர். அவள் உடம்புக்கென்றே அளவெடுத்துத் தைத்த வேகம். கைக்கடிகாரம் கட்டவில்லை. ஏனென்று நிரசாவா கேட்டதற்கு, "கடிகாரத்துக்குச் சந்தேகம் வந்தா எங்கிட்டக் கேக்கட்டும்," என்றாள்.

நவம்பர் காலை எட்டு மணிக்கு, நெல் கிடங்குச் சூரியனிலிருந்து மஞ்சள் பட்டை கிளம்பியது. புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் எல்லாம் கச்சிதம். செவ்வாயில் பட்டையை வாங்கிய தீயணைப்பு வீரன் தைகிக்கு ஓட்டக்கார ரத்தம் அடங்கவில்லை. நாலு நிமிடம் முன்னதாகவே வியாழனுக்குப் போய்ச் சேர்ந்து, ஒன்றரை மீட்டர் உருண்டைக்குப் பக்கத்தில் தண்டனை பெற்ற பிள்ளையைப் போல நின்றான். "வெளிச்சத்தையே தோக்கடிச்சிட்டியாடா, பெரிய ஆளு!" என்று ஊர்க்கிழவர்கள் கிண்டலடித்துத் தீர்த்தார்கள். குறித்த நொடியில் ஜின்பெய் பட்டையை வாங்கிக்கொண்டு சனியை நோக்கி நகர்ந்தார்.

சனி, பேருந்து நிழற்குடையின் கூரைமேல் இருந்தது. பழைய சாலைப் பலகைகளை வெட்டிச் செய்த வளையம் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க, தோகியெ கீழே கால்களை உதறிக்கொண்டிருந்தாள். நிரசாவா முதல் நாளே வந்து தங்கியிருந்தார். வெளிச்சம் கிளம்புவதற்கு முன் வந்ததால் சட்டப்படி குற்றமில்லை. கையில் கடிகாரம், தோளில் சுருட்டிய வெள்ளைப் பட்டை.

ஜின்பெய் ஒன்பது பத்தொன்பது, இருபத்தேழாவது நொடியில் வர வேண்டும். ஒன்பது பத்தொன்பதுக்குச் சாலை காலியாகக் கிடந்தது. சற்று நேரத்தில் தூரத்து வளைவில் அவர் தெரிந்தார். நாலு அடி ஓடினார், நின்றார். மறுபடி ஓடினார், மறுபடி நின்றார்.

"காலுக்கு என்ன ஆச்சு அவருக்கு?" என்றாள் தோகியெ.

நிரசாவா தொலைநோக்கியைக் கண்ணில் வைத்தார். "காலு நல்லாத்தான் இருக்கு. குனிஞ்சு வணக்கம் சொல்றாரு. ரோட்டோரம் நிக்கிறவங்க எல்லாம் அவரு கடையில வாங்கறவங்க."

முப்பது ஆண்டுகளாகத் தோஃபு வாங்கும் வாடிக்கையாளர் கை தட்டும்போது குனியாமல் ஓடிப்போக எங்கள் ஊர்க் கடைக்காரன் எவனாலும் முடியாது. ஆளுக்கு இரண்டு நொடி என்றாலும் அறுபது பேர். வெளிச்சத்துக்கு வாடிக்கையாளர் கிடையாது, அதனால் அது நேரத்துக்குப் போய்ச் சேருகிறது.

"நேரம்," என்றார் நிரசாவா. வெள்ளைப் பட்டையை நீட்டினார். "தோகியெ-சான். கிளம்புங்க."

அவள் அந்த வெள்ளைத் துணியைப் பார்த்தாள். இதை வாங்கிக்கொண்டு போனால் குறித்த நொடியில் யுரேனசை அடைவாள். அதில் அவளுக்குத் துளியும் சந்தேகமில்லை. அங்கே சிஸுரு கையை நீட்டுவாள். அந்தக் கையில் மறுபடியும் வெள்ளைப் பட்டை.

"நான் போகல."

"என்னது? சட்டம் போட்டதே நீங்க!"

"தெரியும். போட்டவளே மீறறேன். கொஞ்சம் பேசாம இருங்க, சென்செய்."

"அப்ப நீங்க அங்க போறதுக்குள்ள சிஸுரு-சான் வெள்ளைப் பட்டையோட கிளம்பிடுவாங்களே! யுரேனஸ் இருக்கிற தொச்சிகுபோவுக்கு ஒரு போன் போடட்டா? ரெண்டே நிமிஷம் பொறுக்கச் சொல்லி..."

அவர் கை பைக்குள் போனது. தோகியெ முறைத்தாள். "செய்தி வெளிச்சத்த முந்துமா? நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க. வையுங்க உள்ள."

ஒன்பது இருபத்தொன்று, இருபத்தேழாவது நொடியில் ஜின்பெய் வந்தார். சரியாக இரண்டு நிமிடம் தாமதம். வந்ததும் வராததுமாக, "மன்னிச்சுக்கம்மா, மன்னிச்சுக்க," என்று அவளுக்கும் ஒரு முறை குனிந்தார்.

"குனிஞ்சது போதும்ணே, பட்டையக் குடுங்க!"

பட்டையை மாட்டிக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து ஊரே கத்தியது. "வேகமா! கிலோமீட்டருக்கு எட்டு நொடி மிச்சம் பிடிச்சா போதும்!" கணக்கு சரிதான். எட்டு நொடி அவளுக்கு வெல்லம். இருபத்திரண்டு வயதில் அவள் செய்ததும் இதைத்தான். கால் துடித்தது. அவள் காலை அதட்டினாள். நொடிக்கு மூன்று, அடிக்கு ஒன்று.

சனிக்கும் யுரேனசுக்கும் நடுவே எதுவும் இல்லை. தேவதாருக் காடு, ஆற்றின் இரைச்சல், ஒரே ஒரு பானம் விற்கும் இயந்திரம். பாடப் புத்தகத்தில் இந்த வெறுமையை அச்சடிக்க ஒரு பக்கமாவது யாராவது விட்டிருக்கிறார்களா? ஒரு மணி இருபது நிமிடம் ஓடினால்தான் அது எவ்வளவு பெரிது என்று தெரியும். அந்த வெறுமையில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். சிஸுரு கிளம்பியிருப்பாள், முந்நூற்று அறுபது மீட்டர் முன்னால் இருப்பாள். இருக்கட்டும். யுரேனசில் நிற்கப்போவதில்லை. இன்னும் பதினாறு கிலோமீட்டர் அதே வேகத்தில் பின்னாலேயே ஓடி, நெப்டியூனில் வைத்துக் கொடுத்துவிடலாம். முப்பது கிலோமீட்டர் ஓட முடியுமா என்ற கேள்வி அவளுக்கு எழவே இல்லை. முடியும்.

தொச்சிகுபோ வளைவு வந்தது. யுரேனஸ் உருண்டை அங்கே படுத்தவாக்கில் இருந்தது. அந்த கிரகம் அப்படிச் சாய்ந்துதான் சுற்றும். போகிற வருகிறவர்கள் எல்லாம் மரியாதையாக அதை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனதால், 'விழவில்லை, படுத்திருக்கிறது' என்று ஒரு பலகையும் மாட்டியிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே, தோகியெ தன் கையால் போட்ட வெள்ளைக் கோட்டின்மேல், ஒருத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

சிஸுரு.

பக்கத்தில் நடுவர் ஒகுனுகி வெள்ளைப் பட்டையைக் கையில் தொங்கவிட்டபடி, "நான் சொன்னேன், கேக்கவே மாட்டேன்னுட்டாங்க," என்று புலம்பினார்.

தோகியெ கோட்டில் வந்து நின்றாள். "நீ ஏன் போகல?"

"எதுக்குப் போகணும்?"

"நேரம் தாண்டிடுச்சே. சட்டம்..."

"எட்டு மணிக்குக் கிளம்புன வெளிச்சம் ரெண்டு நிமிஷத்துக்கு முன்னாடியே இந்த வழியாப் போயிடுச்சு. போகட்டும்னு விட்டுட்டேன். நீ கொண்டாந்தது எட்டு ரெண்டுக்குக் கிளம்புனது." சிஸுரு மூக்கைச் சுளித்தாள், பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் சுளிப்பதைப் போலவே. "சூரியன் என்ன, எட்டு மணிக்கு ஒரு தடவ எரிஞ்சிட்டு அணைஞ்சா போச்சு? இதுல எங்கடி வந்துச்சு லேட்டு?"

தோகியெ மனதுக்குள் கணக்குப் போட்டாள். சரியாகத்தான் வந்தது.

"எனக்கு இது தோணவே இல்லையே," என்றாள்.

"உனக்குத் தோணாதது ஒண்ணு இருக்குன்னு நீ சொல்லிக் கேக்க முப்பத்தஞ்சு வருஷம் ஆயிருக்கு. குடு இங்க."

தோகியெ பட்டையைக் கழற்றினாள். வியர்வையில் நனைந்து கனத்திருந்தது. அதைச் சிஸுருவின் கையில் வைத்தாள். அந்தக் கை பட்டையோடு அவள் விரல்களையும் சேர்த்து ஒரு நொடி இறுக்கிப் பிடித்தது, பிறகு விட்டது. மஞ்சள் பட்டை வளைவில் திரும்பி மறையும்வரை தோகியெ பார்த்துக்கொண்டே நின்றாள். நொடிக்கு மூன்று மீட்டர். சிஸுருவும் ஓட்டக்காரிதான், கெட்டிக்காரி.

ஜின்பெயின் தோஃபு வண்டி பின்னாலேயே ஊர்ந்து வந்து அவளை ஏற்றிக்கொண்டது. நாற்பத்தைந்தாவது கிலோமீட்டர்க் கல்லுக்குப் பக்கத்தில் நீல நெப்டியூன் உருண்டையைச் சிஸுரு தொட்டபோது மணி பன்னிரண்டு பன்னிரண்டு.

"ரெண்டு நிமிஷம் லேட்," என்றார் ஓகுமியாத் தலைவர்.

"கணக்கா வந்திருக்கு," என்றாள் தோகியெ. "எட்டு ரெண்டுக்குக் கிளம்புனது." சொல்லும்போது அது தன் சொந்தக் கண்டுபிடிப்பு போலவே சொன்னாள். சிஸுரு சிரித்துவிட்டாள்.

கோயில் வெளியில் மிசோ சூப்பும் சோற்று உருண்டையும் பரிமாறினார்கள். இருவரும் கல்படியில் உட்கார்ந்தார்கள். தோகியெ உருண்டையைக் கடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"சிஸுரு. அன்னைக்கு நான் அவ்வளவு வேகமா..."

"நான் உன்னப் பாத்தேன்டி."

"எப்ப?"

"அன்னைக்கு. நடுவர் வெள்ளைப் பட்டைய நீட்டறப்பவே நீ வளைவுல வர்றது தெரிஞ்சுது. பத்து நொடிதானே, நிக்கலாம்னு நெனச்சேன். தைரியம் வரல, போயிட்டேன்." சிஸுரு சூப்புக் கிண்ணத்தைப் பார்த்தபடி சொன்னாள். "நீ என்னப் பாக்க வராததுக்கு அதான் காரணம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

இருவரும் குற்றம் தன்னுடையதே என்று ஆளுக்கொரு பாரத்தைச் சுமந்துகொண்டு நாற்பத்தைந்து கிலோமீட்டர் சாலையின் இரு முனைகளில் இத்தனை காலம் உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். தோகியெ அழுதாள். அழுதுகொண்டே சோற்று உருண்டையைத் தின்றாள், உப்பு கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

கிளம்பும்போது சிஸுரு ஒரு கட்டு உலர்ந்த முள்ளங்கி கொண்டுவந்து வண்டியில் வைத்தாள். கட்டியிருந்தது கயிறு அல்ல, பழுப்பேறிய ஒரு வெள்ளைத் துணிப் பட்டை.

"இத இன்னும் வெச்சிருக்கியா?"

"நல்ல துணி. வருஷா வருஷம் முள்ளங்கி கட்டித் தொங்கவிடறேன். இன்னும் அவுந்ததில்ல. நீ எடுத்துக்கோ, நான் வேற கயிறு பாத்துக்கறேன்."

திங்கட்கிழமை தோகியெ வேலைக்குப் போனாள். அளவுச் சக்கரத்தின் கைப்பிடியில் பழைய வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. என்ன இது என்று முதலாளி கேட்டார். பிடிக்க நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஓகுமியாவை நோக்கி அளக்கத் தொடங்கினாள். அந்தச் சாலையை அவள் இந்த ஆண்டுதான் முழுக்க அளந்திருந்தாள்.